ரோஜாப்பூ போட்ட வெள்ளிக்காசு

ஓரத்தைப் பிடிங்க சார். ஓரத்தை. முகத்துல விரல் படக்கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்களும் காசு சேக்கறவருதான், இருந்தாலும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இந்தப் பெட்டிய என் சம்சாரம் சரோஜினிகூடத் தொட்டதில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். ஒருதரம் தூசி தட்டறேன்னு துணியோட வந்தா. நான் போட்ட சத்தத்துல அப்படியே திரும்பிப் போயிட்டா. அப்பறம் இந்த ரூமைப் பெருக்கறதோட சரி.

ஜன்னல் பக்கமாத் திருப்பிப் பாருங்க. அது ஏதென்ஸ் காசு. ஆந்தை தெரியுதா? ஆந்தைக்குப் பின்னால ஒலிவ இலை, பக்கத்துல சின்னதா ஒரு பிறை. அடுத்தது சிறகு முளைச்ச குதிரை, அது கொரிந்து ஊர்க் காசு. கீழ் வரிசையில சிங்கத்தோலைத் தலையில போர்த்திக்கிட்டு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அது அலெக்சாண்டர் அடிச்சது. அத்தனையும் வெள்ளி. செம்பு நான் தொட மாட்டேன். ரோமாபுரிக் காசும் தொட மாட்டேன், அதை எல்லாரும்தான் வெச்சிருக்காங்க. கிரேக்க வெள்ளி மட்டும்தான். காகித ஆலை லேப்ல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தேன். ஒரு சினிமா கிடையாது, ஒரு ஊர் சுத்தினது கிடையாது. எல்லாம் இதுக்குள்ள இருக்கு.

நாப்பத்திரண்டு குழி. ஆசாரிகிட்ட வேங்கை மரத்துல செய்யச் சொல்லி, வெல்வெட்டை நானே ஒட்டினேன். நாப்பத்தொண்ணு நெறஞ்சிருக்கு. நீங்க வந்ததுல இருந்து அந்தக் காலிக் குழியவேதான் பாக்கறீங்க. தெரியுது சார். அதுக்குத்தான் சேலத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க. ஆவணியில கோயமுத்தூர்ல நாணயச் சங்கக் கூட்டத்துல காட்டினேனே, ரோடஸ் தீவுக் காசு. ஒரு பக்கம் சூரியன் முகம், மறுபக்கம் ரோஜாப்பூ. நீங்க மூணாவது வரிசையில உக்காந்திருந்தீங்களாமே. நல்லாப் பேசினேன்தானே? பொன்னாடை போத்தினாங்க.

அது இப்ப என்கிட்ட இல்லை.

விக்கலை. திருடும் போகலை. சொல்றேன், உக்காருங்க. காபி நானே போட்டுக் கொண்டாரணும், அப்பறமாப் போடறேன். சரோஜினி சமையக்கட்டுலதான் இருக்கா. கூப்பிட்டா வர மாட்டா.

எங்க ஆத்துல பழைய காசு கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். தண்ணி வத்தின மாசத்துல மண் அரிக்கறதுக்குன்னே நாலஞ்சு குடும்பம் இறங்கும். மரத்தட்டுல மண்ணை அள்ளி, ஊத்துத் தண்ணியில சுழட்டிச் சுழட்டி விடுவாங்க. லேசான மண்ணெல்லாம் வழிஞ்சு போயி, கனமானது அடியில தங்கும். தங்கப் பொடி, மோதிரம், மணி, எப்பவாச்சும் ஒரு காசு. அப்படி அரிக்கறவங்கள்ல ஒருத்தன் பெரியண்ணன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெலிஞ்ச ஆளு, ஆனா நாள் பூரா குனிஞ்சே நிப்பான், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தான்னு நான் பாத்ததில்லை. எது கிடைச்சாலும் மொதல்ல என்கிட்டதான் கொண்டாருவான். நானும் அவனுக்குக் குறை வெச்சதில்லை. என் பழைய சட்டையெல்லாம் அவன்தான் போட்டுக்கிட்டிருந்தான். வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுத்தேன். சொல்லப்போனா அவனுக்கு இந்த ஊருல என்னைவிட்டா யாரும் கிடையாது.

அவன்கிட்ட ஒரு பழக்கம். சின்னதா ஏதாச்சும் கிடைச்சா வாயில போட்டுக்குவான். கன்னத்துல ஒதுக்கிக்குவான். ரெண்டு கையும் தட்டுல இருக்கும், இடுப்புல முடிஞ்சா ஈரத்துல நழுவிடும், என்ன செய்வான். நான் திட்டுவேன். ‘டேய், எச்சில் பட்டா வெள்ளி கெடும்டா’ன்னு. சிரிப்பான். சிரிக்கறப்பவும் கன்னம் உப்பியிருக்கும்.

அவன் கொண்டாந்ததெல்லாம் சோழங்காலத்துச் செம்பு, கும்பினிக் காசு, இந்த மாதிரிதான். கிரேக்க வெள்ளி ஒண்ணுகூட வரலை. உங்களுக்கு அந்த வேதனை தெரியும் சார். என்கிட்ட நாப்பத்தொண்ணு இருக்கு, அத்தனையும் வெளிய வாங்கினது. லண்டன்ல இருந்து தபால்ல வந்தது, பம்பாய்ல ஏலத்துல எடுத்தது. என் வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர்ல ஆறு. அந்த ஆத்துல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து யாரு யாருக்கோ கிடைக்குது. எனக்குக் கிடைக்கலை. அந்தக் கடைசிக் குழிய அதுக்குன்னே பதினோரு வருஷம் காலியா வெச்சிருந்தேன்.

போன வருஷம் கூட்டத்துக்கு நான் பேசறேன்னு பேர் குடுத்துட்டேன். ‘நம் ஆற்றில் கிரேக்க வெள்ளி.’ அழைப்பிதழ்லகூடப் போட்டுட்டாங்க. தலைப்பு இருக்கு, காசு இல்லை. பங்குனியில இருந்து தினமும் ஆத்துக்குப் போக ஆரம்பிச்சேன். ரிடையர் ஆன மனுஷனுக்கு வேறென்ன வேலை. குடை பிடிச்சுக்கிட்டு பெரியண்ணன் பக்கத்துலயே நிப்பேன். புஸ்தகத்துல இருந்த படத்தைக் காட்டினேன். ‘இதைப் பாத்துக்க பெரியண்ணா. ஒரு பக்கம் பூ இருக்கும். இந்தப் பூவு.’ அவன் ரொம்ப நேரம் பாத்தான். ‘கடல் தாண்டி வந்த காசுலயும் பூவாங் சார்’னு கேட்டான். அப்படிக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

ஆனி மாசம். பாலத்துக்குக் கிழக்கால மண்ணு அள்ளிட்டு விட்டுட்டுப் போன இடம் ஒண்ணு. லாரி லாரியா அள்ளினது யாரோ, எனக்குத் தெரியாது. ரெண்டு ஆள் உசரத்துக்குக் கரையைச் செங்குத்தா வெட்டி விட்டிருந்தாங்க. கேக்கு வெட்டின மாதிரி உள்ளுக்குள்ள அடுக்கு அடுக்காத் தெரியும். மேல மண்ணு, நடுவுல மண்ணு, அடியில ஒரு சாண் கனத்துக்குக் கறுப்பா ஒரு படுகை. அந்தப் படுகையில ஓட்டுச்சில்லு தெரிஞ்சுது. செவப்பு, கறுப்பு, மெருகு போட்ட சில்லு. ஒரு நீல மணி நீட்டிக்கிட்டிருந்தது. சார், எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இதுதான், இதுலதான் இருக்குன்னு அடிச்சுச் சொன்னேன்.

பெரியண்ணன் அண்ணாந்து மேல பாத்தான். ‘சார், மேல பாரம் நிக்குதுங்க’ன்னான்.

நான் தோண்டச் சொல்லலை. இதை நீங்க கவனிக்கணும். படுகையைக் காட்டினேன், அவ்வளவுதான். எங்க தோண்டணும், எங்க தோண்டக் கூடாதுன்னு மண்ணுலயே பொறந்து வளந்தவனுக்குத் தெரியாதா? நான் லேப்ல வேலை பாத்தவன். ‘கையளவு உள்ள போனாப் போதும்’னேன். மறுநாள் ‘முழங்கையளவு போனாப் போதும்’னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அணையில தண்ணி திறக்கப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டுட்டான். தண்ணி வந்துட்டா அந்தக் குழி ஆறு மாசத்துக்கு முங்கிப் போயிடும். எனக்குக் கூட்டம் ஆவணியில. பெரியண்ணன் சம்சாரம் செல்லாயி, அவளும் கூடத்தான் அரிக்க வருவா, ‘வேண்டாமுங்க, இவரு மண்ணுக்குள்ள எலி மாதிரிப் போறாரு, எனக்குப் பாக்கவே முடியலைங்க’ன்னா. நான்தான் அவளைப் பாலத்துக்கு அந்தாண்ட போயி அரிக்கச் சொன்னேன். பயந்துக்கிட்டு நிக்கறவங்க பக்கத்துல இருந்தா வேலை செய்யறவன் மனசு கெடும் பாருங்க.

நாலாவது நாள். காலையில பத்து மணி இருக்கும். நான் குடையோட நின்னுக்கிட்டிருந்தேன். பெரியண்ணன் இடுப்பு வரைக்கும் உள்ள இருந்தான், காலு மட்டும் வெளிய. கொஞ்ச நேரத்துல ஊர்ந்து வெளிய வந்தான். உக்காந்தான். என்னைப் பாத்துச் சிரிச்சான். கன்னம் உப்பியிருந்தது.

அப்பத்தான் சரிஞ்சுது.

சத்தமே இல்லை சார். மலை சரியற மாதிரி சத்தம் வரும்னு நீங்க நெனப்பீங்க. ஒண்ணும் இல்லை. கோணியில இருந்து நெல்லு கொட்டற மாதிரி ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். புழுதி அடங்கறதுக்குள்ள நான் ஆளைக் கூப்பிட ஓடினேன். பக்கத்துல செங்கல் சூளை. எட்டுப் பத்துப் பேரு மம்பட்டியோட ஓடி வந்தாங்க. நானும் அவங்களோட சேந்து கையாலயே தோண்டினேன். இந்த நகத்தைப் பாருங்க, அன்னிக்கு ஒடிஞ்சது, இன்னும் சரியா வளரலை. அரை மணி நேரம் ஆச்சு எடுக்க. எடுத்தப்ப உயிர் இல்லை. ‘சார் வயசுக்கு இப்படித் தோண்டினாரே’ன்னு சூளைக்காரங்க எனக்குத் தண்ணி குடுத்தாங்க. போலீஸ்காரங்க வந்தாங்க, கேட்டாங்க, சொன்னேன். மண்ணு சரிஞ்சு உடனே மூடிடுச்சு, ஒரு வார்த்தை பேசலை, உடனே உயிர் போயிடுச்சுன்னு சொன்னேன். விபத்துன்னு எழுதிக்கிட்டாங்க. விபத்துதானே?

காசா? அதைத்தான் கேக்கறீங்க. காசு என் சட்டைப் பையில இருந்தது.

இருங்க, வரேன். ஒண்ணொண்ணாத்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்தேன். உடம்பெல்லாம் மண்ணு. சரோஜினி வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா, மண்ணு சரிஞ்ச சேதி மட்டும் வந்துடுச்சு போல இருக்கு. நான் குளிக்கக்கூடப் போகாம நேரா இந்த ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்தினேன். காஞ்சு போனா அழுக்கு இறுகிப் போயிடும், உங்களுக்குத் தெரியுமே. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப் போட்டேன். கதவுக்கு வெளிய இருந்து சரோஜினி கேட்டா. ‘எப்படிங்க இருக்கு?’ன்னு கேட்டா. நான், ‘முழுசா இருக்கு, ஒரு கீறல்கூட இல்லை’ன்னேன்.

அவ கேட்டது பெரியண்ணனைப் பத்தி. எனக்கு எப்படித் தெரியும்? ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டா நான் என்னன்னு நெனைக்கறது? அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான். சோறு போடுவா. துணி துவைப்பா. பேச மாட்டா. ஒரு வார்த்தை மாறிப் புரிஞ்சுக்கிட்டதுக்கு எட்டு மாசமா ஒரு பொம்பளை பேசாம இருந்தா அதுக்கு நான் என்ன சார் செய்யறது?

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அரிசி, பருப்பு, எல்லாம் நான்தான் வாங்கிக் குடுத்தேன். செல்லாயி கும்பிட்டா. ‘நீங்க கையால தோண்டினீங்களாமுங்க’ன்னு என் கையைப் பாத்தா. அப்ப எனக்கே அழுகை வந்துடுச்சு. ஆவணியில கூட்டம் நடந்துது. நீங்கதான் பாத்தீங்களே. யாரோ எந்திரிச்சு, ‘இது யாருக்குக் கிடைச்சுது?’ன்னு கேட்டாங்க. ‘உள்ளூர்ல ஒருத்தருக்கு’ன்னேன். பேரைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல தோணலை.

எல்லாம் ஐப்பசியில ஆரம்பிச்சுது. மாயவன்னு ஒருத்தன், ஆடு மேய்க்கறவன். ஆனி மாசத்துல எதிர்க்கரையில ஆடு ஓட்டிக்கிட்டிருந்திருக்கான். அன்னிக்கே அப்படியே ஆட்டை ஓட்டிக்கிட்டு திண்டுக்கல் பக்கம் போனவன், மழை பேஞ்சதும் திரும்பி வந்திருக்கான். வந்தவன் நேரா செல்லாயிகிட்டப் போயி, ‘ஏம்மா, நெஞ்சு வரைக்கும் மண்ணுல இருந்தாலும் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு, அப்பறம் எப்படிம்மா ஆச்சு?’ன்னு கேட்டிருக்கான். ‘சார்தான் பக்கத்துல நிக்கறாரே, எடுத்துடுவாருன்னுதான் நான் இறங்கி வரலை’ன்னும் சொல்லியிருக்கான். என்ன பேசினாங்கன்னு அவன் காதுல விழலை. குரல் மட்டும் கேட்டிருக்கு.

மறுநாள் காலையில பதினோரு மணிக்குச் செல்லாயி வந்தா. வாசல் கேட்டுக்கு வெளியவே நின்னா. நான்தான் எந்திரிச்சுப் போனேன். திட்டுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். ஒண்ணும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மெதுவாத்தான் கேட்டா.

‘எங்க வூட்டுக்காரரு கடைசியா என்ன சொன்னாருங்?’

‘ஒண்ணும் சொல்லலைம்மா. உடனே போயிடுச்சு’ன்னேன்.

‘சரிங்க’ன்னு போயிட்டா.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தா. அதே இடம். ‘கடைசியா என்ன சொன்னாருங்?’ அதே கேள்வி. நானும் அதே பதில். ‘சரிங்க.’ அதுக்கு அடுத்த நாளும். மழை பேஞ்சாலும் வருவா, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு. ஒரு நாள் தப்பலை. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. தெருவே பாக்குது. நாலு மாசம். தையல் மிஷின் வாங்கித் தரேன்னேன். ‘எனக்குத் தைக்கத் தெரியாதுங்க’ன்னுட்டா. போலீஸ்ல சொல்லிடுவேன்னு ஒரு நாள் கத்தினேன். ‘சொல்லுங்க’ன்னா. அன்னிக்குத்தான் சரோஜினி உள்ள இருந்து காபி கலந்து எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டிப் போயி அவ கையில குடுத்தா. ரெண்டு பேரும் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. இப்ப அதுவும் தினமும் நடக்குது. என் வீட்டுக் காபி.

கார்த்திகையில என்னால முடியலை. சரி, இவ எதுக்கோ அடிபோடறா, அவன் எடுத்த காசு என்கிட்ட இருக்கறது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பெட்டியத் திறந்து அந்தக் காசை எடுத்தேன். சார், நீங்க சொல்லுங்க, யாரு குடுப்பா? பதினோரு வருஷம் காத்திருந்து கிடைச்ச காசை, நம்ம ஆத்துக் காசை, யாரு குடுப்பா? நான் குடுத்தேன். கொண்டு போயி அவ உள்ளங்கையில வெச்சேன். ‘இது அவன் எடுத்தது. நீயே வெச்சுக்க’ன்னேன்.

திருப்பித் திருப்பிப் பாத்தா. பூவை விரலால தடவினா. ‘இதுக்குத்தானுங்களா?’ன்னு கேட்டா. முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன். போனது என் உசிருதான், ஆனா முடிஞ்சுதுன்னு இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கேட்டு சத்தம்.

‘காசு வந்துருச்சுங்க’ன்னா. ‘பேச்சு வரலைங்களே. அவரு பேசினது எனக்குச் சேர வேண்டியதுதானுங்களே.’

இன்னிக்கு வரைக்கும் வரா.

பெரியண்ணன் என்ன சொன்னான்னுதானே கேக்கறீங்க, கண்ணு கேக்குது. உங்ககிட்டச் சொல்றேன். வேற யாருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க காசு தெரிஞ்சவரு. ஒரு காசைக் கையில வாங்கினா மனுஷனுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். சூளைக்காரனுக்கோ போலீஸ்காரனுக்கோ புரியாது.

மொதச் சரிவுல அவன் நெஞ்சு வரைக்கும்தான் மாட்டினான். ஒரு கை உள்ள, ஒரு கை வெளிய. முகத்துல மண்ணு. நான் ஓடிப் போயி முகத்தைத் துடைச்சு விட்டேன். நான்தான் துடைச்சேன். அவன் வாயைத் திறந்து, நாக்கால தள்ளி, காசை என் கையில துப்பினான். ‘பூவு இருக்குதுங்க சார்’ன்னான். மூச்சு வாங்குது, ஆனாலும் சந்தோஷமாச் சொன்னான். ‘நீங்க காட்டின அதே பூவுங்.’

பத்தடியில ஊத்து. கழுவினாத்தானே தெரியும். போயிக் கழுவினேன். சட்டைப் பையில லென்ஸ் இருந்தது. ரெண்டு நிமிஷம் இருக்கும். மூணு நிமிஷம் இருக்கலாம். சூரியன் முகம் நேரா நம்மளைப் பாக்குது. தலையைச் சுத்திக் கதிர். கன்னத்துல ஒரு தேய்மானம் இல்லை. திருப்பினா ரோஜா, பக்கத்துல ஒரு மொட்டு, எழுத்துகூடப் படிக்கற மாதிரி. ஆறே முக்கால் கிராம் இருக்கும்னு கையிலயே தெரிஞ்சுது. நீங்களா இருந்தாலும் பாத்திருப்பீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம். பாத்திருப்பீங்க.

அப்பத்தான் பின்னால இருந்து சொன்னான். நான் திரும்பலை, காதுல விழுந்துது. ‘மெதுவாப் பாருங்க சார். நா எங்க போகப் போறேன்.’

சிரிச்சுக்கிட்டே சொன்னான் சார். சிரிப்புதான் அது, எனக்கு நல்லாத் தெரியும். எத்தனை வருஷப் பழக்கம்.

அப்பறம்தான் ரெண்டாவது தரம் சரிஞ்சுது. மொத சரிவுல ஓடியிருந்தா சூளைக்காரங்க வந்திருப்பாங்கன்னு நீங்க நெனைக்கறீங்க. வந்திருக்கலாம். வந்து அவங்க மேலயும் விழுந்திருக்கலாம். யாரு கண்டா? அவன் என்ன கூப்பாடு போட்டானா? கையைக் குடுங்கன்னு கேட்டானா? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? மெதுவாப் பாருங்கன்னு அவனே சொன்னான். அவனே சொல்லியிருக்கான். அப்பறம் என் மேல என்ன தப்பு?

ஆனா இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, ‘அப்ப நீங்க என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?’ன்னு அடுத்த கேள்வி வரும். பொம்பளைக்கு ஒரு கேள்வியோட நிக்காது.

கேட்டு சத்தம். மணி பதினொண்ணா? அவதான். ஜன்னலைப் பாக்காதீங்க, நம்மளைப் பாத்துடுவா.

சார், ஒரு உதவி. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க வெளியூரு, படிச்சவரு, பாத்தா மரியாதை தோணுது. நீங்க போயி, அன்னிக்கு நானும் அங்க இருந்தேன்னு சொல்லுங்க. மண்ணு மூடினதும் உயிர் போயிடுச்சு, ஒரு வார்த்தை பேசலை, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு பொய். யாருக்கு நஷ்டம்? அவளுக்கும் மனசு ஆறும், எனக்கும் தெருவுல தலை காட்ட முடியும். இந்தப் பெட்டியில எது வேணும்னாலும் ஒண்ணு எடுத்துக்குங்க. நெசமாத்தான் சொல்றேன். ரெண்டு எடுத்துக்குங்க.

எந்திரிச்சுட்டீங்களா? நல்லது சார். ரொம்ப நல்லது. நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க, ‘ஒரு வார்த்தை பேசலை’, அது போதும். காசு எடுத்துக்கலையா? சரி, வந்து எடுத்துக்குங்க. பை எதுக்கு, இங்கயே இருக்கட்டுமே. பையையும் எடுத்துக்கிட்டா…

சார், என்னமோ ரொம்ப நேரமாப் பேசறீங்களே. அவ்வளவு எதுக்கு? ரெண்டு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன். சத்தமாப் பேசுங்க சார், இங்க கேக்கலை. சரோஜினி, காபியை வெச்சுட்டு உள்ள வா. நீ எதுக்கு நின்னு கேட்டுக்கிட்டிருக்க? அவரு என்ன சொல்றாரு? செல்லாயி ஏன் அப்படிக் கீழ உக்காந்துட்டா? அழறாளா? சார்! என்ன சொன்னீங்க அவகிட்ட? சரோஜினி, என்ன சொன்னாரு?

ஏன் மூணு பேரும் இங்கயே பாக்கறீங்க?